மூடியில் அக்காவின் முகம்

விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பேப்பர் பிரிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. புடவைக் கடையில் பில் போடுகிறவர் அப்படிச் செய்தால் பொறுத்துக்கொள்வேன். புடவையை யாரும் தின்னப் போவதில்லை. அன்றைக்கு என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவள், விரலை நாக்கில் நனைத்து ஒரு கண்ணாடி பேப்பரை உருவினாள். அதே விரலால் மாதிரிக்கு என்று ஒரு முறுக்கை எடுத்து அதற்குள் வைத்தாள். அடுத்த பேப்பருக்கு மறுபடி நாக்கு. நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் என் அக்கா மகளின் நாத்தனார், மாப்பிள்ளைக்கு மூத்தவள். ஐயம்பேட்டையில் தம்பி வீட்டு மாடியில் இருந்துகொண்டு பரிசுக் கூடை கட்டி விற்கிறாள். பிறந்தநாளுக்கு ஒரு கூடை, பொங்கலுக்கு ஒரு கூடை, பெண் பெரியவளானால் ஒரு கூடை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தீம் உண்டு. உள்ளே இருப்பதெல்லாம் வீட்டில் செய்தது என்று ஃபோனில் படம் போடுவாள். யார் வீட்டில் செய்தது என்று யாரும் கேட்பதில்லை போலிருக்கிறது.

நான் ரவிக்கை தைக்கிறவள். பட்டுப் புடவைகளுக்குக் குஞ்சமும் கட்டுவேன். என்னிடம் வரும் பெண்கள் என் வாய்க்குப் பயப்படுவார்கள். அளவு கொடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்தால் அங்கேயே திட்டிவிடுவேன். அப்படிப்பட்டவள் ஏன் அன்று ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தேன் என்றால், அதற்குக் காரணம் எங்கள் பெண்.

அக்கா போனது மகளின் கல்யாணத்துக்கு முந்தின வருஷம். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு பெண் என்னோடுதான் இருந்தாள். என் வீட்டிலிருந்துதான் அவளைக் கட்டிக் கொடுத்தோம். இப்போது வயிற்றில் ஏழு மாதம். மற்றப் பெண்களுக்கு நாலு ஐந்து மாதத்தில் மசக்கை விட்டுவிடும். இவளுக்கு விடவில்லை. தின்றது எதுவும் தங்கவில்லை. வயிறு மட்டும் முன்னால் வந்தது, கைகள் விளக்குமாற்றுக் குச்சி போல ஆகிவிட்டன. டாக்டரம்மா சத்து ஏறவில்லை என்று இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

ஒருநாள் பாத்ரூமுக்குள் நின்றுகொண்டு எனக்கு ஃபோன் செய்தாள். பின்னால் குழாய் ஓடுகிற சத்தம்.

"சித்தி, என்ன இங்கருந்து கூட்டிக்கினு போயிடு. வீடு பூரா சென்ட் அடிச்சிக்கினே இருக்காங்க. அண்ணி மாடியில அந்தப் பசையக் காய்ச்சி ஒட்டுது, அந்த நாத்தம் கீழ வரைக்கும் வருது. சோத்துலயே அந்த வாசனதான் அடிக்குது சித்தி."

எங்கள் பக்கத்தில் வளைகாப்பு அன்றே பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவந்துவிடுவோம், பிரசவத்துக்கு. தாய்வீட்டிலிருந்து கலந்த சோறும் பலகாரமும் சீராகக் கொண்டுபோவோம். பெண்ணுக்கு வளையல் அடுக்கி, வயிறாரச் சாப்பிட வைத்து, பொழுது சாய்வதற்குள் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் இவளுக்குப் பேச்சு வந்தது. மாமியார் என்னிடம் ஃபோனில் இழுத்தாள்.

"அம்மா இல்லாத வீட்டுக்குப் புள்ளத்தாச்சிய எப்படிம்மா அனுப்பறது? நீயும் தெனம் மிஷின்ல உக்காந்துக்கினு இருக்கற. ராத்திரியில வலி கண்டா யாரு பாப்பாங்க? பாக்கலாம். சீரெல்லாம் நல்லபடியா நடக்கட்டும், அப்புறம் பாக்கலாம்."

பாக்கலாம் என்ற வார்த்தையைப் போலப் பிசுபிசுப்பான வார்த்தை தமிழில் வேறு இல்லை. எங்கே தொட்டாலும் கையில் ஒட்டும், எதையும் தூக்கித் தராது. பெண்ணை அனுப்ப மாட்டோம் என்று சொல்வதற்கு ஒரு சாக்கு தேடுகிறார்கள், அந்தச் சாக்கை நானாகக் கொடுத்துவிடக் கூடாது. அதனால்தான் நாத்தனார் என் கூடத்தில் எச்சில் விரலோடு உட்கார்ந்து, "சீரு உங்களுதுதான் ஆன்ட்டி, நீங்க செஞ்சி மட்டும் குடுத்துடுங்க, பேக்கிங் மொத்தம் நான் பாத்துக்கறேன்" என்றபோது பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

தீம் என்ன என்று கேட்டேன்.

"அம்மா கை மணம். செமயா இருக்கும் ஆன்ட்டி. கலர் லாவெண்டர். பெரிய கூடைங்க ஸ்டேஜ்ல வெச்சிடலாம், கெஸ்ட்டுக்கு எலைக்கு ஒண்ணா குட்டி பாட்டில். எல்லாமே ஹோம் மேட்."

பிறகு அவள் என் பலகாரப் பட்டியலைக் கேட்டாள். அதிரசம், முறுக்கு, பொருவிளங்காய் உருண்டை, புளிச்சோறு என்று சொல்லச் சொல்ல அவள் முகம் சுருங்கிக்கொண்டே போனது. கடைசியில், மந்தாரை இலையில் வேகவைத்த குடலை இட்லி என்றேன். அது எங்கள் ஊர்ச் சரக்கு ஆயிற்றே, அதையாவது ஒத்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"எல்லாமே ஒரே பிரவுனா இருக்குது ஆன்ட்டி. ஃபோட்டோவுல எடுபடாது. இட்லிய எலயில்லாம, மஃபின் கப்புல, கொஞ்சம் கலர் போட்டுப் பண்ணா என்ன?"

ஊதா நிறத்தில் இட்லி. சீ, நினைத்தாலே வாய்க்குள் ஏதோ ஊறுகிறது, நல்ல விதமாக அல்ல. கலர் எல்லாம் போட மாட்டேன், வேண்டுமென்றால் இட்லியை விட்டுவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். சரி என்று எழுந்தவள், வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து அக்காவின் படம் ஒன்று கேட்டாள். மேடையில் வைத்துப் பூப் போடத்தான் கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அம்மா இல்லாத பெண்ணின் விசேஷத்தில் எங்களில் அப்படி வைப்பதுண்டு. முதல் தடவையாக அந்த நாத்தனார் மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. என் ஃபோனில் இருந்ததிலேயே நல்ல படமாகப் பார்த்து அனுப்பினேன். நீல நிற வாயில் துணிப் புடவையில், யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிற அக்கா.

அதற்கப்புறம் தையலை மூட்டை கட்டி வைத்துவிட்டு அடுப்பில் நின்றேன். அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே இடித்து அதிரசத்துக்குப் பாகு வைத்தேன். முறுக்குக்கு மாவு அரைத்து வந்தேன். புளிக்காய்ச்சலை மட்டும் என் முறையில் செய்யவில்லை, அக்காவின் முறையில் செய்தேன். அவள் வெந்தயத்தைக் கருகுகிற எல்லைக்குக் கொண்டுபோய் இறக்குவாள்; நல்லெண்ணெய் மேலே மிதந்து நிற்கும்வரை புளியைச் சுண்ட விடுவாள். பெண் ஃபோனில் வேறு எதுவும் கேட்கவில்லை. "அம்மா செய்யுமே, அந்தப் புளிச்சோறு" என்று மட்டும் கேட்டிருந்தாள். அது அவள் வயிற்றில் தங்கிவிட்டால் போதும் என்று எனக்கு இருந்தது.

வளைகாப்புக்கு முந்தின நாள் நாத்தனார் வண்டி அனுப்பிப் பலகாரங்களை எடுத்துக்கொண்டு போனாள். புளிச்சோற்றை மட்டும் விடியற்காலையில் கிளறி, பெரிய தூக்குச் சட்டியில் போட்டு, நானும் வீட்டுக்காரரும் வளையல் தட்டும் பூவுமாக ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டை போய்ச் சேர்ந்தோம். மண்டப வாசலிலேயே ஒரு பையன் தூக்கை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டான்.

மேடை முழுக்க ஊதா. ஊதாத் துணி, ஊதா பலூன், பிளாஸ்டிக்கில் ஊதாப் பூ. நடுவே படிப்படியாகக் கூடைகள். ஒவ்வொரு கூடையிலும் பேப்பரை நறுக்கி வைக்கோல் மாதிரி பரப்பி அதன்மேல் பாட்டில்களை நிறுத்தியிருந்தார்கள். நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். எல்லா பாட்டில் மூடியிலும் என் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். வட்டமாக வெட்டிய படம். மேலே வளைவாக 'அம்மா கை மணம்'. கீழே இவள் வியாபாரத்தின் பெயர், ஃபோன் நம்பர்.

மாலை போட்டு விளக்கு வைத்துக் கும்பிட வேண்டிய முகம். அதை ஊறுகாய் கம்பெனிக்காரன் சின்னம் போடுகிற மாதிரி ஒட்டி வைத்திருந்தாள். ஒரு பாட்டிலைத் திறந்தேன். உள்ளே இருந்தது என் முறுக்கே இல்லை. ஒரே அளவாக, வெளுப்பாக, மெஷின் பிழிந்த முறுக்கு. பழைய எண்ணெயின் காறல் மூக்கில் அடித்தது. இன்னொன்றில் ஊதா நிற பால் இனிப்பு, அதன்மேல் மினுமினுவென்று எதையோ தூவியிருந்தார்கள். விரலில் ஒட்டிய மினுக்கை முந்தானையில் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

"நான் செஞ்சதெல்லாம் எங்கம்மா?" என்று நாத்தனாரைக் கேட்டேன்.

"கோச்சிக்காதீங்க ஆன்ட்டி. டோன் செட் ஆகல. அதிரசம் எண்ண விட்டுச்சி, பேப்பரெல்லாம் கறையாயிடுச்சி. கடையில வாங்கிப் போட்டுட்டேன். உங்களுது எதுவும் வேஸ்ட் ஆகல, பின்னாடி சமையல்கட்டுல இருக்குது. வேல செய்யறவங்களுக்குக் குடுத்துடலாம்."

தப்பு செய்தவளின் குரலே இல்லை அது. தைத்த ரவிக்கையில் ஊக்கு மாற்றினேன் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அவள் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. மாமியார் முன் வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே நான் ஒரு வார்த்தை கத்தினால், இப்படிக் கத்துகிறவள் வீட்டுக்கா பெண்ணை அனுப்புவது என்று முடிந்துவிடும். அக்காவின் முகம் இருந்த அந்த மூடியைத் திருகி மூடிவிட்டு, கீழே இறங்கினேன். அந்த நிமிஷத்தில் என்னைப் பார்த்தே எனக்கு அருவருப்பாக இருந்தது.

பெண்ணை அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவளுக்கும் ஊதாப் பட்டு. கூடைகளைப் பார்த்தாள். மூடிகளில் அம்மாவைப் பார்த்தாள். என் பக்கம் திரும்பினாள். உனக்குத் தெரியுமா என்று கேட்கிற பார்வை. தெரியாது என்று தலையாட்டினேன். சுமங்கலிகள் வந்து சந்தனம் பூசி வளையல் அடுக்கினார்கள். அதெல்லாம் முடிந்ததும் நாத்தனார் ஓடி வந்து, ஊதா இனிப்பு ஒன்றை அவள் உதட்டருகே பிடித்தாள்.

"கடிக்காத. வாய்கிட்ட அப்படியே வெச்சிக்கினு அம்மா ஃபோட்டோவப் பாரு. ஒரே ஒரு நிமிசம்."

அந்த ஒரு நிமிஷம் முழுசாகக் கழியவில்லை. பெண் குனிந்தாள். காலையில் குடித்த பாலும் தண்ணீரும் நேராகக் கூடைமேல் போய் விழுந்தது. ஐயோ பாவம் என்று எழுந்தவர்கள் இருந்தார்கள். நாத்தனார் முதலில் தூக்கியது கூடையைத்தான். துடைக்கத் துணி கேட்டுக் கத்தினாள். நான் பெண்ணின் தோளைப் பிடித்துப் பின்பக்கக் கதவு வழியாகக் குழாயடிக்குக் கூட்டிப் போனேன்.

அதற்குள் முதல் பந்தி முடிந்து இலைகளை எடுத்துக் கொட்டியிருந்தார்கள். குழாய்க்குப் பக்கத்திலேயே எச்சில் இலைத் தொட்டி. பெண் வாய் கொப்பளித்து நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். பந்தியில் குழந்தைகள் குட்டி பாட்டில்களைத் திறந்து, வாயில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டு, மூடியை இலையிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தன. சாம்பாரும் பாயசமும் வழிந்த இலைகளுக்கு நடுவே அங்கங்கே அக்கா. ஒரு மூடியில் அவள் கண்மேல் மோர் மிளகாய் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாய் இன்னொரு மூடியை நக்கிக்கொண்டிருந்தது.

எச்சில் இலை நாறுவது உலக வழக்கம், அதைச் சொல்லவில்லை. செத்துப்போன ஒருத்தியை விருந்துக்குக் கூப்பிட்டு, தின்றுவிட்டுத் தொட்டியில் போட்டிருந்தார்கள். அதுவும் அவள் பெற்ற பெண்ணின் வளைகாப்பில்.

பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தொட்டிக்குக் குனியப் போனாள். நான் தடுத்தேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே கையை விட்டேன். நாயை விரட்டினேன். எடுத்து எடுத்துக் கொடுத்தேன், அவள் குழாயில் கழுவினாள். கை நிறைய வளையல், ஒவ்வொரு மூடிக்கும் கலகலவென்று சத்தம். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், திட்டிக்கொண்டே அழுதேன். யாரை என்னவெல்லாம் திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

சமையல்கட்டு எதிரே இருந்தது. பாத்திரம் தேய்க்கிற இரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து என் தூக்கிலிருந்து புளிச்சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் தட்டை மறைக்கப் போனார்கள். பெண் அந்த வாசனையைப் பிடித்துவிட்டாள். நேராகப் போய், கவிழ்த்துப் போட்டிருந்த தக்காளிப் பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

"எனக்கும் போடு சித்தி."

போட்டேன். முதல் வாயை விழுங்காமல் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். வாந்திக்குத்தான் என்று நான் பக்கத்தில் ஒரு பக்கெட்டை நகர்த்தினேன். அவள் விழுங்கினாள். இரண்டாவது வாய் எடுத்தாள். வேர்க்கடலையைத் தேடி எடுத்துக் கடித்தாள். பாத்திரம் தேய்க்கிறவளில் ஒருத்தி தன் தட்டை மறந்து இவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு பாதி காலியாயிற்று, எதுவும் திரும்பி வரவில்லை.

அப்போதுதான் மாமியார் வந்தாள். பின்னாலேயே நாத்தனார். பட்டுப் புடவையோடு மருமகள் தக்காளிப் பெட்டியில் உட்கார்ந்து சாப்பிடுவதையும், காலடியில் கழுவி அடுக்கிய மூடிகளையும் மாமியார் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னம்மா இது. முன்னாடி எல்லாரும் கேக்கறாங்க. எழுந்து வா."

"அத்தை, நான் இன்னிக்கே சித்திகூடப் போறேன்."

"அதான் சொன்னேனேமா. அம்மா இல்லாத வீடு. அங்க யாரு இருக்கறா உன்னப் பாத்துக்க? எங்களுக்கு மனசு வரலமா."

கெட்ட எண்ணத்தோடு அவள் சொல்லவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாயைத் திறக்கப் போனேன். பெண் முந்திக்கொண்டாள். குரலை உயர்த்தவே இல்லை. குனிந்து ஒரு மூடியை எடுத்து மாமியார் பக்கம் நீட்டினாள்.

"அனுப்பச் சொன்னா மட்டும் அம்மா இல்லன்னு தெரியுது அத்தை. இதுல அம்மா கை மணம்னு போட்டீங்களே, அப்ப யாரு இருந்தா?"

மாமியார் மூடியை வாங்கிக்கொண்டாள். அதில் இன்னும் ஈரம் இருந்தது. திருப்பிப் பார்த்தாள். நாத்தனார் கதவோரம் நின்று, ஃபோனை நெஞ்சு உயரத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். நடப்பதை எடுத்துக்கொண்டிருந்தாள் என்பது அவள் கை அசையாமல் இருந்த விதத்திலேயே தெரிந்தது. மாமியார் திரும்பி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"இன்னாடி மனுசி நீ," என்றாள் மகளைப் பார்த்து.

பெண்ணுக்கு அதெல்லாம் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. தட்டை வழித்து முடித்துவிட்டு, காலித் தட்டை என்னிடம் நீட்டினாள். நான் தூக்கைப் பிடிப்பதற்குள் மாமியார் குனிந்து கரண்டியை எடுத்துவிட்டாள். தானே அள்ளிப் போட்டாள். பெண் சாப்பிடுவதையும், அது உள்ளே போய் அங்கேயே நிற்பதையும் நின்று பார்த்தாள். எத்தனை மாதமாக அவளும் அந்த வாந்தியைக் கழுவியிருப்பாள்.

"இன்னும் எவ்ளோ இருக்குது இது?" என்று என்னைக் கேட்டாள்.

"இன்னிக்குப் போதும். வீட்டுல புளிக்காய்ச்சல் இன்னும் ஒரு ஜாடி இருக்குது."

அவள் மூடியை முந்தானையால் துடைத்துப் பெண்ணின் மடியில் வைத்தாள்.

"அப்ப வண்டி சொல்லு," என்றாள்.